இதய மருத்துவத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு: வார்டிலிருந்து ஆய்வு வரை

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, அதற்கு மேல் இதய மருத்துவத்தில் உயர்சிறப்புப் படிப்பான டி.எம். மூன்று. எந்தத் தேர்விலும் சறுக்காமல் வந்தாலே பதினொன்றரை ஆண்டு. நடுவில் நுழைவுத் தேர்வுக்காக வீட்டில் உட்கார்ந்து படிக்கும் காலம் தனி. இவ்வளவு நீண்ட பாதையில் ஆய்வை "எல்லாம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று கடைசிக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். தள்ளினால் அது நடப்பதே இல்லை. இதய நோய் ஆய்வுக்கான மூலப்பொருள் வார்டில்தான் கிடைக்கிறது: வலி தொடங்கிய நேரம், இசிஜி எடுத்த நேரம், எக்கோவில் (ஒலி அலையால் எடுக்கும் இதய ஸ்கேன்) அளந்த எண், நோயாளியின் தொலைபேசி எண். இன்று சிகிச்சையை முடிவுசெய்யும் அதே எண்தான் மூன்று ஆண்டு கழித்து உங்கள் ஆய்வேட்டின் அட்டவணையில் உட்காரப்போகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் மருத்துவம் ஒரு பக்கம், ஆய்வு ஒரு பக்கம் என்று பிரிக்கவில்லை.

இடம் பிடிப்பது

எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஒரு சின்ன ஆய்வு செய்து பார்க்க விரும்புகிறவருக்கு ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. இரண்டு மாத வேலை. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வராது. ஆனால் ஒரு கேள்வியை எழுதி, அனுமதி வாங்கி, தரவு சேர்த்து, அறிக்கை முடிப்பது என்றால் என்னவென்று ஒரு முறை தெரிந்துவிடும்.

எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. வழியாக எம்.டி. பொது மருத்துவம். குழந்தைகள் மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களும் டி.எம். கார்டியாலஜிக்கு வரலாம். அடுத்தது உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, நீட் எஸ்.எஸ். இப்போதுள்ள முறையில் பொது மருத்துவம் சார்ந்த பாடக் குழுவுக்கு ஒரே வினாத்தாள், 150 கேள்வி. கேள்விகள் வருவது பொது மருத்துவம் முழுவதிலிருந்தும். கார்டியாலஜியை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறவர் இங்கேதான் அடிபடுகிறார். நரம்பியல், சிறுநீரகம், தொற்றுநோய் எல்லாம் சம பங்கு கேட்கும். ஜிப்மர், எய்ம்ஸ் போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்று தனித் தேர்வு.

அரசுப் பணியில் இருப்பவர்கள் கவனிக்க: தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் 50 சதவீதத்தைப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கும் அரசாணை 2020 நவம்பரில் வந்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதன்படி சேர்க்கை நடத்த அனுமதித்தது. விதிகளும் பணி ஒப்பந்த நிபந்தனைகளும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவை நம்பக் கூடாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்ப்பதை விட, அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ரெசிடென்ட்டைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். கேத்தீட்டர் (ரத்தக் குழாய் வழியே இதயம் வரை செலுத்தும் மெல்லிய குழாய்) உங்கள் கைக்கு எந்த மாதம் வந்தது? இரவு டூட்டியில் எக்கோ மெஷின் உங்கள் பொறுப்பில் இருக்குமா, பூட்டிக்கொண்டு போய்விடுவார்களா? ஆய்வேட்டுக்கு வழிகாட்டி கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினார்?

நெஞ்சுவலியும் கடிகாரமும்

டி.எம். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவசரப் பிரிவு உங்களிடம் வந்துவிடும். முதலில் கற்க வேண்டியது வலி தொடங்கிய நேரத்தைக் கேட்டு வாங்குவது. சுலபம் என்று தோன்றும், ஆனால் பெரும்பாலானோர் கோட்டை விடுவது இதில்தான்.

"எப்ப இருந்து வலி?" என்று கேட்டால் "காலையில இருந்து" என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வேறு மாதிரி கேட்க வேண்டும். "ஐயா, வலி ஆரம்பிச்சப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? பால்காரர் வந்துட்டாரா? டிபன் சாப்பிட்டு முடிச்சிருந்தீங்களா?" வீட்டம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்: "நீங்க யாருக்காவது போன் பண்ணீங்களாம்மா? எத்தனை மணிக்குன்னு போன்ல பாருங்க." போன் அழைப்புப் பட்டியல் பொய் சொல்லாது. இன்னொன்று: பலர் "வலி" என்றே சொல்ல மாட்டார்கள். நெஞ்சு கரிக்குது, அமுக்குது, வாயுப் பிடிப்பு, தோள்பட்டை கடுக்குது, மூச்சு முட்டுது என்பார்கள். "வாயு" என்று சொல்லிவிட்டாலே சோடா குடித்துப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் தாமதித்து வந்திருக்கிறார் என்று பொருள். அந்தச் சொல்லை அப்படியே மேற்கோள் குறிக்குள் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

எழுதும்போது தேதியோடு 24 மணி நேரக் கணக்கில் எழுதுங்கள். திங்கள் இரவு 23:40-க்கு வலி, செவ்வாய் 01:10-க்கு ஆஸ்பத்திரி வாசல் என்றால் இடைவெளி 90 நிமிடம். தேதி இல்லாமல் மணியை மட்டும் எழுதினால், பிற்பாடு கணினி அதை மைனஸ் 1,350 நிமிடம் என்று காட்டும்.

இந்த எண்களுக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரு சான்று. 2008-இல் வெளியான கிரியேட் என்ற மாரடைப்பு நோயாளிகள் பதிவேடு இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,937 நோயாளிகளைப் பார்த்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேர நடு மதிப்பு 360 நிமிடம். வந்தபின் ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து ஏறும் வரை 50 நிமிடம். அதாவது நேரம் கரைந்தது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே. அந்த ஓட்டையை அடைக்கத் தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளையும் 108 ஆம்புலன்ஸையும் கேத் லேப் (கேத்தீட்டர் சிகிச்சை அறை) உள்ள பெரிய மையங்களோடு இணைத்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகள், திட்டத்துக்கு முன் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதம், பின் 14.2. எங்கோ ஓர் அவசரப் பிரிவில் யாரோ ஒரு ஜூனியர் மணியைச் சரியாக எழுதியதால்தான் இந்தக் கணக்கு சாத்தியமானது.

இசிஜி: இயந்திரத்தைக் குறை சொல்லும் முன்

நோயாளியை முதலில் பார்த்ததிலிருந்து பத்து நிமிடத்துக்குள் இசிஜி கையில் இருக்க வேண்டும். படிக்கும் முன் தாளின் ஓரத்தைப் பாருங்கள்: வேகம் விநாடிக்கு 25 மி.மீ., ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. யாராவது பாதி அளவில் வைத்துவிட்டுப் போயிருந்தால் 2 மி.மீ. எஸ்.டி. ஏற்றம் (மாரடைப்பில் இசிஜி கோடு உயர்வது) 1 மி.மீ. ஆகத் தெரியும்.

அடுத்த தவறு வி1, வி2 என்ற மார்பு மின்முனைகளை ஒட்டும் இடம். அவசரத்தில் கழுத்துக்குக் கீழேயே ஒட்டிவிடுவார்கள். மார்பெலும்பில் விரலை மேலிருந்து இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அதற்கு நேரே இரண்டாம் விலா. அதன் கீழே இரண்டாம் இடைவெளி; அங்கிருந்து இன்னும் இரண்டு இறங்கினால் நான்காம் இடைவெளி. அங்கேதான் ஒட்ட வேண்டும். மேலே ஒட்டினால் இல்லாத பழைய மாரடைப்பு இருப்பதுபோலவும், டி அலை தலைகீழாகவும் காட்டும். லீட் 1 என்ற பதிவில் எல்லாம் தலைகீழாகவும் ஏவிஆர் என்ற பதிவில் நேராகவும் இருந்தால், முதல் சந்தேகம் இரண்டு கை வயர்களும் மாறிவிட்டன என்பதுதான்.

கீழ்ப்பக்க மாரடைப்பு தெரிந்தால் வலது பக்கம் வி4ஆர் எடுக்காமல் நைட்ரேட் கொடுக்க வேண்டாம். வலது கீழறை பாதிக்கப்பட்டிருந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். வி1 முதல் வி3 வரை எஸ்.டி. தாழ்ந்திருந்தால் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 எடுங்கள். முதல் இசிஜி சாதாரணமாக இருந்து வலி தொடர்ந்தால், 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒன்று என்று திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரே ஒரு நல்ல இசிஜியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதுதான் பல வழக்குகளின் முதல் பக்கம்.

கேத் லேப் இல்லாத இடத்தில் மருந்தால் ரத்தக்கட்டியைக் கரைப்பது என்று முடிவானால்: ரத்தப்போக்கு அபாயப் பட்டியலை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்க, குளோபிடோக்ரெல் 300 மி.கி. (75 வயதைத் தாண்டியவருக்கு 75 மட்டும்). ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில். ஏறும்போது அழுத்தம் விழுந்தால் பதறாமல் சொட்டை நிறுத்தி, காலை உயர்த்துங்கள். வேகமாக ஏற்றியதே அநேகமாகக் காரணம். ஒரு முறை அது ஏறியவருக்கு மறுபடி கொடுப்பதில்லை, எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கும். டெனெக்டிப்ளேஸ் எடைக்கு ஏற்ப 30 முதல் 50 மி.கி., ஒரே ஊசி. 75 வயதுக்கு மேல் பாதி. எடையை ஊகிக்காதீர்கள், கேளுங்கள் அல்லது நிறுங்கள். மருந்து ஏறி 60 முதல் 90 நிமிடத்தில் மறு இசிஜி. எஸ்.டி. ஏற்றம் பாதிக்குக் கீழ் இறங்காவிட்டால் உடனே கேத் லேப் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். இறங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ.

எக்கோ

எக்கோவில் படம் அழகாக வந்தால் போதும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கோணமும் கோடும் தவறினால் அழகான படத்திலிருந்தே தவறான எண் வரும். பெருந்தமனி வால்வு சுருக்கத்தில் ரத்த வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்று வைப்போம். வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் உச்ச அழுத்த வேறுபாடு 64 மி.மீ. பாதரசம். ரத்த வேகத்தை அளக்கும் டாப்ளர் கோடு ரத்த ஓட்டத்துக்கு 30 பாகை சாய்ந்துவிட்டால் மெஷின் 3.46 என்று காட்டும். கணக்கு 48-இல் நின்றுவிடும். கடுமையான நோய் நடுத்தரமாகிவிடுகிறது, அறுவை தள்ளிப்போகிறது. ஆகவே ஒரு ஜன்னலோடு (எக்கோ கருவியை மார்பில் வைத்துப் பார்க்கும் இடம்) விடாமல், வலது மார்பெலும்போரம் உட்பட எல்லா ஜன்னலிலும் தேடி, கிடைத்ததில் அதிகமானதை எடுங்கள். வால்வுக்குக் கீழ் விட்டத்தை 2.0 செ.மீ.க்குப் பதில் 1.8 என்று அளந்தால் பரப்பு 19 சதவீதம் குறைகிறது, ஏனென்றால் அங்கே விட்டம் வர்க்கமாகிறது.

கேத் லேப்

முதல் மூன்று மாதம் கேத்தீட்டரைத் தொடும் ஆசையை அடக்கிக்கொண்டு மானிட்டரையும் டிரான்ஸ்டியூசரையும் (ரத்த அழுத்தத்தை அளக்கும் உணரி) கவனியுங்கள். டெக்னீஷியனிடம் மரியாதையாகக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லித்தருவார்; அந்த அறையில் உங்களை விட அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

டிரான்ஸ்டியூசர் நோயாளியின் மார்பு நடு உயரத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினால் எல்லா அழுத்தமும் ஏறத்தாழ 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். 120, 127 ஆனால் யாருக்கும் தெரியாது. ஆனால் இடது கீழறையின் ஓய்வு அழுத்தம் 12 என்பது 19 ஆகிவிட்டால், இல்லாத இதயச் செயலிழப்பு ஒன்று அறிக்கையில் ஏறிவிடும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அலை மழுங்கும். குமிழியை வெளியேற்றி, திறந்து பூஜ்ஜியம் வைத்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

மணிக்கட்டு வழி ஆஞ்சியோவில் 5 அல்லது 6 பிரெஞ்ச் (குழாய் தடிமன் அலகு) உறை, உள்ளே போனதும் ஹெப்பாரின், தமனி இறுகாமல் இருக்க நைட்ரோகிளிசரின் அல்லது வெரபமில். கேத்தீட்டர் முன்னேற மறுத்தால் தள்ளக் கூடாது. சிறிது சாயம் விட்டுப் பார்த்தால் வளையமோ இறுக்கமோ தெரியும். இதைவிட முக்கியம்: இதயத் தமனி வாயில் கேத்தீட்டர் உட்கார்ந்ததும், சாயம் விடும் முன் அழுத்த அலையைப் பாருங்கள். அலை தட்டையாகிவிட்டால், அல்லது கீழறை அலைபோல் மாறினால், நுனி வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது சாயத்தை அழுத்தினால் தமனிச் சுவர் கிழியலாம், துடிப்பு தாறுமாறாகலாம். பின்னுக்கு இழுத்து மறுபடி முயல வேண்டும். திரையில் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கும் ரெசிடென்ட்டை மூத்தவர்கள் அதட்டுவது இதற்காகத்தான். சிறுநீரகம் பலவீனமானவருக்குச் சாயத்தின் மில்லிலிட்டர் அளவு, சிறுநீரக வடிகட்டும் திறன் எண்ணைப்போல் மூன்று மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு போனது என்பதைச் சிஸ்டர் உரக்கச் சொல்லும் பழக்கம் இருந்தால் நல்லது.

உங்கள் உடம்பையும் எண்ணிப் பாருங்கள். கேத் லேபில் உங்கள் மேல் படும் கதிர்வீச்சுக்கு ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30. பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி. பட்டையை ஈய மேலங்கிக்கு உள்ளே மார்பில் அணிய வேண்டும். அலமாரியில் விட்டுவிட்டுப் போனால் அறிக்கை பூஜ்ஜியம் என்று வரும், உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். தூரம் இரட்டித்தால் கதிர் கால்பங்கு, ஆகவே சாயம் விடும்போது ஓரடி பின்னால் போவதில் வெட்கமில்லை. மேலங்கியை மடித்து நாற்காலியில் போட்டால் உள்ளே ஈயம் விரிசல் விடும். மாட்டித்தான் வைக்க வேண்டும்.

கேள்வி, அனுமதி, அட்டவணை

ஆய்வுக் கேள்வி வார்டில் உறுத்துவதிலிருந்து வர வேண்டும். இதய மருத்துவர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி இதற்கு நல்ல உதாரணம். 1917-இல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்து, ஜப்பானியப் படையெடுப்பின்போது கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர். பின்பு டெல்லியில் பணியாற்றிய அவர், நுரையீரல் நோயால் வலது இதயம் செயலிழந்த 127 பேரைப் பற்றி 1959-இல் எழுதினார். புகைபிடிக்காத பெண்கள் இளவயதில் இந்த நோயோடு வந்தார்கள். கண் சமையலறை அடுப்புப் புகை பக்கம் போனது. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. யார் வருகிறார்கள், அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதியதே ஆய்வானது.

கேள்வி கிடைத்ததும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: யாரிடம், எதை, எதோடு ஒப்பிட்டு, எந்த முடிவை, எத்தனை நாளில் பார்க்கப்போகிறோம். எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

எத்தனை பேர் வேண்டும்? ஒரு விகிதத்தைக் கண்டறியும் ஆய்வுக்கு: எதிர்பார்க்கும் சதவீதத்தையும் மீதியையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, ஏற்கத்தக்க பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 20 சதவீதம் எதிர்பார்த்து 5 சதவீதப் பிழை ஏற்றால், 4 × 20 × 80, அதை 25-ஆல் வகுத்தால் 256. பத்தில் ஒருவர் தொடர்பு அறுந்துவிடுவார் என்று வைத்தால் 285. கையில் கிடைக்கும் 60 பேருக்குப் பொருந்தும் வரை பிழை எண்ணை ஏற்றிக்கொண்டே போவது நடக்கிற கூத்துதான். தேர்வாளருக்கும் அது தெரியும்.

அடுத்து நெறிமுறைக் குழு. கோப்பு திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. தமிழ் ஒப்புதல் படிவம் ஆங்கிலப் படிவத்தோடு ஒத்துப்போகாது. தொடர்புகொள்ள எண் இருக்காது. ஆய்வுக்கென்றே செய்யும் பரிசோதனைக்கு யார் பணம் தருவது என்று எழுதியிருக்க மாட்டார்கள். அதை நோயாளி தலையில் கட்டக் கூடாது. படிவத்தின் தமிழ் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்" என்பதை யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். "எந்த மருந்து என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவாகும். நீங்களோ டாக்டரோ தேர்ந்தெடுக்க முடியாது. சேராவிட்டாலும் உங்கள் சிகிச்சை குறையாது" என்றால் புரியும். கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும்.

மருத்துவச் சோதனை (சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு) என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு. கட்டணம் கிடையாது. ஆனால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஆய்வை 2018 ஏப்ரல் முதல் பதிவுக்கு ஏற்பதில்லை. பதிவு எண் வரச் சில வாரம் ஆகலாம் என்று நாட்காட்டியில் இடம் விடுங்கள்.

தரவு அட்டவணையில் ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை. மூன்று ஸ்டென்ட் வைத்தவரை மூன்று வரிசையில் போட்டால் மூன்று பேராகிவிடுவார். 03/04 என்று எழுதினால் கணினி மாதத்தையும் நாளையும் மாற்றிக்கொள்ளும். மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டிரோபோனின் ஒரு லேபில் மில்லிலிட்டருக்கு, இன்னொன்றில் லிட்டருக்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அலகைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். செய்யாத பரிசோதனைக்குப் பூஜ்ஜியம் போடாதீர்கள். தொலைபேசி எண் இரண்டு வாங்குங்கள், ஒன்று மகள் அல்லது மகனுடையது. சிம் மாற்றிவிடுகிறவர்களை ஆறு மாதம் கழித்துத் தேடிப் பிடிக்க வேறு வழியில்லை.

புள்ளியியலில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு தவறு: இரண்டு பேர் எக்கோவில் அளந்த இ.எஃப். (இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) ஒத்துப்போகிறதா என்பதற்குத் தொடர்புக் கெழுவை (இரண்டு அளவும் சேர்ந்தே ஏறி இறங்குகிறதா என்று காட்டும் எண்) காட்டுவது. ஒருவர் எப்போதும் மற்றவரை விட 10 கூடுதலாகப் படித்தாலும் கெழு 1 என்றே வரும். இருவர் அளவின் வித்தியாசத்தை, சராசரிக்கு எதிராக வரைந்து பார்க்க வேண்டும். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் காட்டிய முறை. இருபது ஒப்பீடு செய்தால் ஒன்று தற்செயலாகவே "முக்கியமானது" என்று வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டி.எம். முடிந்த பின்

இதய மின்னியல், குழந்தை இதயநோய், இதயச் செயலிழப்பு, படவியல் என்று ஓரிரு ஆண்டு கூடுதல் பயிற்சிகள் இருக்கின்றன. ஸ்டென்ட் வைப்பதில் கூட்டம் அதிகம். படவியலில் ஆய்வுக்கு நேரம் அதிகம். ஆய்வையே முதன்மையாக எடுக்க விரும்பினால் டி.பி.டி. – வெல்கம் டிரஸ்ட் இந்தியா அலையன்ஸ் மருத்துவர்களுக்கென்றே ஆய்வு நல்கை தருகிறது.

வேலைக்குச் சேரும்போது சம்பளம் பேசிய கையோடு இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஆய்வுக்கென்று விட்ட அரை நாளில் கேத் லேப் அழைப்பை யார் பார்ப்பார்? அங்கே நெறிமுறைக் குழு பதிவோடு இயங்குகிறதா, கடைசியாக எப்போது கூடியது? முதல் கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், அந்த அரை நாள் கிடைக்காது.